ஹவுஸ் ஓனர் பெஞ்சு

குக்கரைத் தூக்கிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. முனீஸ் அதை விரலால் தேய்த்துப் பார்த்தான். கைலி நுனியை எச்சிலில் நனைத்துத் தேய்த்தான். வட்டம் அசையவில்லை.

"ஏங்க, அங்கன என்ன குனிஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று அடுப்படியிலிருந்து நாகஜோதி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

அவன் 'ஒண்ணுமில்ல' என்றால் என்னவோ இருக்கிறது என்பதைக் கல்யாணமான முதல் மாதமே கற்றுக்கொண்டவள் அவள். கரண்டியோடு வந்து நின்றாள். குக்கரைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள்.

"ஓனர் பெஞ்சு மேலயா வச்சீங்க?"

"கைப்பிடி சுட்டுருச்சு. தரையெல்லாம் நீ தண்ணி ஊத்திக் கழுவி வச்சிருக்க. வேற எங்கிட்டு வைக்கச் சொல்ற?"

"என் தலையில வச்சிருக்கலாம்ல?"

அன்றைக்கென்று பார்த்துப் பெஞ்சின் போர்வையைத் துவைக்கப் போட்டிருந்தாள். அதை நினைத்து அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

நெருப்பெரிச்சல் என்கிற இந்தப் பனியன் கம்பெனி ஊரில் வீடு பிடித்துக் குடிவந்தபோதே பெஞ்சு முன்னறையில் கிடந்தது. சாய்மானமும் கைப்பிடியும் வைத்த, மூன்று பேர் தாராளமாக உட்காரக்கூடிய பெரிய பெஞ்சு. இதற்கு முன் இங்கே குடியிருந்தவர் காலி பண்ணிக் கொடுத்துவிட்டுப் போன வீட்டுச் சாவியை, ஹவுஸ் ஓனர் மணியன் துணி பின்னுகிற தன்னுடைய நிட்டிங் யூனிட்டில் வைத்தே கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "ஊட்டப் பத்திரமாப் பாத்துக்கோங்க. உள்ள ஒரு சாமானத்துக்கும் சேதாரம் ஆவக் கூடாதுங்க."

கதவைத் திறந்து பெஞ்சைப் பார்த்ததும், அவர் எந்தச் சாமானத்தைச் சொன்னார் என்று இருவருக்கும் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அதன்மேல் யாரும் உட்காரவில்லை. போர்வை போர்த்தி வைத்தார்கள். நாகஜோதியின் அம்மா அருப்புக்கோட்டையிலிருந்து வந்தபோதுகூடத் தரையில் பாய் விரித்துத்தான் படுக்கவைத்தார்கள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஊருக்கு பஸ் ஏறினாள்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின வீட்டில் சாமி படம் மாட்ட முனீஸ் சுவரில் ஓர் ஆணி அடித்தான். அந்த வீட்டுக்காரர் வந்து ஆணியைப் பார்த்தார், சாமியைக் கும்பிட்டார், அடுத்த மாதமே காலி பண்ணச் சொல்லிவிட்டார். அதன் பிறகு வெயிலில் தெருத் தெருவாக அலைந்து கிடைத்த வீடு இது. தினமும் தண்ணீர் வந்தது. இருவருக்கும் கம்பெனி நடந்து போகிற தூரம். இதை ஒரு குக்கரால் இழப்பதா?

"விடு. கறைதானே? எங்கிட்டயேவா?" என்றான் முனீஸ்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு பனியன் கம்பெனியில் அவன் ஃபைனல் செக்கிங் சூப்பர்வைசர். டீ-சர்ட்டில் கடுகளவு கறை இருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிப்பான். ஆனால் கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. எடுப்பது வேறு ஆட்களின் வேலை.

அன்று சாயங்காலமே மணியன் போன் செய்தார்.

"நல்லா இருக்கீங்களா முனீசு? ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நானும் ஊட்டுல அவீகளும் வர்றமுங்க. ஊட்டப் பத்திக் கொஞ்சம் பேசோணும்."

"வாங்கண்ணே, தாராளமா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவன், நாகஜோதியின் முகத்தைப் பார்க்காமல் தேங்காய் எண்ணெய் எங்கே என்று கேட்டான்.

எண்ணெயும் சாம்பலும் குழைத்துத் தேய்த்தால் வெள்ளை வட்டம் போய்விடும் என்று போனில் ஒரு வீடியோவில் சொன்னார்கள். நெருப்பெரிச்சலில் சாம்பல் கிடைக்காததால் ஊதுபத்திச் சாம்பலைச் சேர்த்துத் தேய்த்தான். வட்டம் கொஞ்சம் மங்கியது உண்மை. ஆனால் அதைச் சுற்றி எண்ணெய் படர்ந்து, தட்டு அளவு இருந்தது தாம்பாளம் அளவு ஆனது. பெஞ்சில் மல்லிகை ஊதுபத்தி வாசம் வேறு.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்தான். துணியில் மெஷின் எண்ணெய் பட்டால் துப்பாக்கி மாதிரி ஒன்றில் ஊற்றி அடித்து எடுக்கிற மருந்து அது.

"இது போடாத கறையே இல்ல" என்றான்.

"போகாத கறையே இல்லன்னு சொல்லுங்க" என்றாள் நாகஜோதி.

பஞ்சில் நனைத்துப் பெஞ்சின்மேல் வைத்தான். எண்ணெய் நிஜமாகவே போனது. அதோடு சேர்ந்து பாலிஷும் போனது. அந்த இடம் வெல்லப்பாகு மாதிரி இளகி, பஞ்சு அதில் ஒட்டிக்கொண்டது. பஞ்சை இழுத்தான். பாதி வந்தது. மீதியைப் பிடிக்கப் போய் ஐந்து விரல் ரேகையும் பதிந்தது.

"இதுக்கு அந்த வட்டமே தேவலாமே" என்றாள் நாகஜோதி.

"உப்புத்தாள் போட்டுத் தேச்சா எல்லாம் மட்டமாயிரும்."

வெள்ளிக்கிழமை மதியம் பெர்மிஷன் போட்டு வந்து உப்புத்தாள் தேய்த்தான். ரேகை போனது, பஞ்சு போனது. பெஞ்சின் நடுவே உரித்த வாழைப்பழம் மாதிரி வெளுப்பாக ஒரு திட்டு தெரிந்தது.

ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனான். கடைக்காரர் மரத்துக்குச் சாயம் ஏற்றுகிற ஸ்டெயின் டப்பாக்களை வரிசையாக எடுத்து வைத்தார். "தேக்குக் கலரு, வால்நட்டு, ரோஸ்வுட்டு, மகாகனி. உங்குளுது என்ன மரமுங்க?"

"ஹவுஸ் ஓனர் மரங்க."

கடைக்காரர் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தேக்குக் கலரையே எடுத்துக் கொடுத்தார். "முழுசாத் தேச்சுட்டு அடிங்க. அங்கங்க அடிச்சீங்கன்னா திட்டுத் திட்டா நிக்குமுங்க" என்றும் சொன்னார். முழுசாகத் தேய்க்க நேரம் எங்கே இருக்கிறது? முனீஸ் திட்டில் மட்டும் அடித்தான். பாலிஷ் போன மரம் தாகத்தோடு காத்திருந்த மாதிரி சாயத்தைக் குடித்தது. வெளுப்பாக இருந்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருப்பானது. பக்கத்தில் பழைய பாலிஷின் மேல் பட்ட சாயம் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்றது.

நாகஜோதி அவன் கையிலிருந்த பிரஷை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்தத் தாளுல ஒண்ணு இங்கிட்டுக் குடுங்க" என்றாள்.

இருவரும் சேர்ந்து முழுப் பெஞ்சையும் தேய்த்தார்கள். கைப்பிடி, கால், சாய்மானத்தின் இடுக்கு எதையும் விடவில்லை. வீடு முழுக்க மரத்தூள் பறந்து சாம்பார்வரை இறங்கியது. தேய்த்து முடித்தபோது பெஞ்சு பிறந்த மேனியாக நின்றது. அதன் பழைய நிறம் என்னவென்று இப்போது இருவருக்கும் ஞாபகம் இல்லை.

"காப்பித்தூள் கலரு" என்றான் முனீஸ்.

"இல்ல, கருப்பட்டிக் கலரு."

"போட்டோ எதுலயாச்சும் இருக்கா?"

போட்டோக்கள் இருந்தன. எல்லாவற்றிலும் போர்வை இருந்தது.

அப்போதுதான் முனீஸுக்கு ராபின் ஞாபகம் வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். முதலிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறையின் லேப்பில் வேலை. வெளிநாட்டுக்காரன் அனுப்பும் துண்டுத் துணியைப் பார்த்து அச்சு அசலாக அதே நிறத்தைக் கொண்டுவருகிறவன். சனிக்கிழமை வேலை முடிந்ததும், வழியில் மற்ற மூன்று கலர் ஸ்டெயின் டப்பாவும் வாங்கிக்கொண்டு வந்தான். பெஞ்சைச் சுற்றி ஒரு முறை நடந்தான்.

"அண்ணாச்சி, ஷேடு மேட்சிங்தான? எங்கிட்ட விட்ருங்க. ஒரிஜினல் சாம்பிள் எங்க?"

"சாம்பிள் இல்லடா."

"சாம்பிள் இல்லாம எப்படி மேட்ச் பண்ணுதது?"

பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். பின்காலின் உள்பக்கம் நாகஜோதியின் உப்புத்தாள் எட்டாத ஓரிடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குப் பழைய நிறம் மிச்சம் இருந்தது. ராபின் மல்லாக்கப் படுத்து அதைப் பார்த்தான். எழுந்து தேக்கும் மகாகனியும் கலந்தான், கொஞ்சம் ரோஸ்வுட் விட்டான், ஒரு தீக்குச்சியில் தொட்டுப் பார்த்தான், மறுபடியும் படுத்தான். ஐந்தாறு தடவை இப்படிப் படுத்து எழுந்தபின், "ஓகே அண்ணாச்சி. அடிங்க" என்றான்.

அடித்தார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் பெஞ்சு அருமையாக இருந்தது. முனீஸ் ராபினின் தோளைத் தட்டினான். நாகஜோதி அவனுக்கு முட்டை தோசை ஊற்றிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை ஜன்னல் வழியாக வெயில் விழுந்தபோது பெஞ்சு பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

முனீஸ் போன் போட்டான். ராபின் சர்ச்சில் இருந்தான். வெளியே வந்து கிசுகிசுத்த குரலில் பேசினான்.

"அண்ணாச்சி, சில ஷேடு அப்படித்தான். டியூப் லைட்டுல ஒண்ணு காட்டும், வெயில்ல ஒண்ணு காட்டும். துணி வாங்குத பையரே இதுல ஏமாறுவாம்."

"ஓனரு பகல்லதானடா வாராரு!"

"ஜன்னலச் சாத்திட்டு லைட்டப் போட்ருங்க" என்றான் ராபின். உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டதால் போனை வைத்துவிட்டான்.

முனீஸ் மிச்சமிருந்த வால்நட் சாயம் முழுவதையும் பீட்ரூட்டின் மேல் அடித்தான். நிறம் ஒருவழியாக மரத்தின் பக்கம் வந்தது. ஆனால் துடைக்க எடுத்தது கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் வேஸ்ட் துணி. அதில் ஒரு பச்சைத் துண்டு இருந்தது. மரச் சாயத்திலிருந்த தின்னர் பட்டதும் அது தன் பச்சையைக் கைப்பிடியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

"வாங்கி வச்ச வார்னிஷ அடிச்சா பளபளன்னு எல்லாம் மறைஞ்சிரும்" என்றான் முனீஸ். இந்த நான்கு நாட்களில் அவன் சொன்ன எதையும் நம்புவதில்லை என்று நாகஜோதி முடிவு செய்திருந்தாள். இருந்தாலும் பிரஷை எடுத்துக் கொடுத்தாள்.

வார்னிஷ் டப்பாவை அவன் மருந்து பாட்டில் மாதிரி நன்றாகக் குலுக்கினான். குலுக்கியதில் நுரைத்த குமிழியெல்லாம் பெஞ்சில் போய் உட்கார்ந்தது. ஆனால் பளபளப்பு வந்தது, மறுக்க முடியாது. குனிந்தால் முகம் தெரிந்தது. முகத்தோடு சேர்ந்து உப்புத்தாள் கீறிய கோடுகள் ஒவ்வொன்றும், நேற்றுவரை கண்ணுக்கே படாதவை, வெளிச்சம் போட்டுக் காட்டியது போலத் தெரிந்தன.

வாடை தாங்காமல் நாகஜோதி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். எதிர் வீட்டு மாடியில் ஒரு நிட்டிங் யூனிட். ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது. அதன் மின்விசிறி நாள் பூராவும் பஞ்சுத் தூசியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது மெதுவாக மிதந்து வந்து ஈர வார்னிஷில் இறங்கியது.

"சாத்து, சாத்து!" என்று முனீஸ் கத்தினான்.

சாத்துவதற்குள் பெஞ்சுக்குப் பூனை மயிர் முளைத்திருந்தது.

புருவம் பிடுங்கும் இடுக்கியை வைத்து முனீஸ் ஒவ்வொன்றாக எடுத்தான். எடுத்த இடமெல்லாம் பள்ளம் விழுந்தது. பள்ளத்தை நிரப்ப இன்னொரு கோட்டிங் அடித்தான், தாராளமாக. அடித்த பிறகுதான் டப்பாவில் இருந்த எழுத்தைப் படித்தான். ஒரு கோட்டிங் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது அடிக்க வேண்டுமாம்.

வாசலில் கார் வந்து நின்றது.

"மூணு மணிக்குன்னுதான சொன்னாங்க?" என்றாள் நாகஜோதி.

"பேசிக்கிட்டே இருக்காத. சேரப் போடு, சேரப் போடு!"

இரண்டு பிளாஸ்டிக் சேர்களைப் பெஞ்சுக்கு முன்னால் அணை கட்டுவது மாதிரி போட்டார்கள். மணியன் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி குழந்தையம்மாள்.

"வாங்கண்ணே, வாங்கக்கா. சேர்ல உக்காருங்க" என்றான் முனீஸ். சேரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே சொன்னான்.

குழந்தையம்மாள் உட்கார்ந்தார். மூக்கைச் சுளித்தார். "பெயிண்டு வாசம் அடிக்குதுங்களே?"

"எதுத்த வீட்டுலக்கா" என்றாள் நாகஜோதி.

மணியன் நின்றுகொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை பெஞ்சில் வந்து நின்றது.

"அடடா" என்றார் மணியன். "கண்ணாடியாட்ட மின்னுதுங்களே!"

"உக்காருங்கண்ணே, சேர்ல."

"சேர்ல உக்காந்தா எனக்கு இடுப்புப் புடிச்சுக்குதுங்க. சாமி, நான் இதுலயே உக்காந்துக்கறேன்."

"அண்ணே, அதுல வேண்டாம்ணே!"

"அட, எனக்கென்னுங்க. எதுல உக்காந்தா என்ன? எதுக்கு இவ்வளவு உபசாரம்?" என்று சொல்லிச் சேரைச் சுற்றிப்போய், பெஞ்சில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கைப்பிடியில் கையையும் வைத்தார்.

முனீஸ் நாகஜோதியைப் பார்த்தான். நாகஜோதி டீ போடுவதற்காக அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சொல்லிவிடலாம் என்று முனீஸ் வாயைத் திறந்தான். அதற்குள் மணியன் ஆரம்பித்துவிட்டார்.

"வந்த விசயம் என்னன்னாங்க, நம்ம பையன் கவின் கோயமுத்தூர்ல இருந்து இங்கயே வந்தர்றேன், இந்த ஊட்டக் காலி பண்ணிக் குடுங்கன்னு கேட்டானுங்க."

முனீஸ் திறந்த வாயை மூடினான்.

"நான் முடியாதுன்னு சொல்லிப்போட்டனுங்க. குடியிருக்கறவீக நல்ல மனுசங்க, ஒரு ஆணி அடிக்கறதுன்னாக்கூட நம்மளக் கேட்டுட்டு அடிக்கறவீக, அவீகள எப்படிடா போகச் சொல்றதுன்னேன். நீங்க எத்தன வருசம் வேணும்னாலும் இருங்க. அத நேர்ல சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தமுங்க."

முனீஸுக்கு அழுகை வந்தது. நல்ல சேதிக்காக வந்த அழுகை பாதி, அவர் முதுகுக்குப் பின்னால் நடப்பதை நினைத்து வந்தது பாதி. அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க நிலைமை முற்றிக்கொண்டே போனது. நாகஜோதி டீயும் காராச்சேவும் கொண்டுவந்தாள். மணியன் நிதானமாகச் சாப்பிட்டார். நூல் விலையைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். உடுமலைப்பேட்டையில் தன் மச்சான் தோப்பில் தென்னைக்கு வந்திருக்கும் நோயைப் பற்றியும் விவரமாகப் பேசினார். முனீஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"சரிங்க, அப்ப நாங்க கெளம்பறமுங்க" என்று மணியன் எழுந்தார். எழவில்லை.

கொஞ்சம் முன்னால் சாய்ந்து மறுபடி முயன்றார். பெஞ்சும் அவரோடு சேர்ந்து ஒரு முனகல் முனகியது. "என்னுங்க இது?" என்று கைப்பிடியில் ஊன்றிய கையை எடுத்தார். கை மெதுவாக, நூல் நூலாக வந்தது. குழந்தையம்மாள் எழுந்து ஒரு தோளைப் பிடித்தார், முனீஸ் மறுதோளைப் பிடித்தான். மூவரும் சேர்ந்து ஒரு மூச்சு இழுத்ததில், பழைய துணி கிழிகிற மாதிரி நீளமாக ஒரு சத்தம் கேட்டது. மணியன் விடுபட்டார்.

அவர் வேட்டியின் பின்பக்கம் காப்பிக் கலரில் பெஞ்சின் பலகை பலகையாக அச்சு விழுந்திருந்தது. உள்ளங்கையில் பச்சை. பெஞ்சில், அத்தனை பளபளப்புக்கும் நடுவில், மணியன் உட்கார்ந்திருந்த வடிவம் அப்படியே பதிந்து, அதில் வேட்டியின் வெள்ளை இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முனீஸ் வேலை செய்யும் கம்பெனியில் இப்படி ஒரு பீஸ் வந்திருந்தால் மொத்த லாட்டையே திருப்பி அனுப்பியிருப்பான்.

இனி மறைத்துப் பயனில்லை. வீடு போனால் போகட்டும்.

"அண்ணே" என்றான். "எல்லாத்துக்கும் நாந்தாண்ணே காரணம். அந்தக் குக்கர நான் கொண்டாந்து..."

"ஒண்ணும் பேசாதீங்க முனீசு" என்று மணியன் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை ஒட்டிக்கொண்டது. அவர் முகம் அவமானத்தில் சிவந்திருந்தது. "வேண்டாம் வேண்டாம்னு அப்பவே சொன்னீங்க. நாந்தான் கேக்காமப் போயி உக்காந்தேன். தப்பு என்னோடதுங்க."

முனீஸுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு மரியாதை அதிகம் என்று தெரியும். இவ்வளவு அதிகமா? அவன் நாகஜோதியைப் பார்த்தான். அவள் வாயில் முந்தானையை வைத்தபடி நின்றாள்.

குழந்தையம்மாள் பெஞ்சின் அருகே குனிந்து, ஒட்டியிருந்த இழை ஒன்றை நகத்தால் எடுத்துப் பார்த்தார். எடுத்த இடத்தில் பள்ளம் விழுந்தது. அவர் நிமிர்ந்து புருசனை முறைத்தார்.

"ஏனுங்க, வந்த எடத்துல செவனேன்னு சேர்ல உக்காரக் கூடாதா? பாவம், அவீக ஊருல இருந்து ஆசையா ஏத்தியாந்து, பாலிஷெல்லாம் போட்டு வச்சிருந்த பெஞ்சு!"